கையில் 40,000 ரூபாய், கொளத்தூர் மொட்டை மாடி: கரண்டும் வெந்நீரும் சொந்தமா எடுக்க வழி உண்டா?

மாடிப்படி_கொளத்தூர்

வணக்கம். கொளத்தூரில் சொந்த வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும். நாலு பேர். சிங்கிள் ஃபேஸ் சர்வீஸ். கோடையில் ரெண்டு மாச ரீடிங் 560 யூனிட் வரை போகுது, டிசம்பர், ஜனவரியில் 380. ஏசி ஒண்ணு, கோடை ராத்திரிக்கு மட்டும்.

மொட்டை மாடியில் காலியிடம் 12 அடிக்கு 20 அடி. மேற்கே தண்ணித் தொட்டி இருக்கு, மூணரை மணிக்கு மேல அதோட நிழல் விழும். வீட்டில ஏற்கெனவே 900 விஏ சைன் வேவ் இன்வெர்ட்டரும் 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரியும் இருக்கு. பேட்டரிக்கு 2 வயசு.

செலவு பண்ண முடிஞ்சது 40,000 ரூபாய். இதுக்குள்ள (1) இன்வெர்ட்டரோட சோலார் பேனல் சேர்க்கிறது நல்லதா, எத்தனை வாட்? (2) மார்கழி மாசக் குளியலுக்கு வெந்நீர். (3) கேஸ் செலவு கொஞ்சமாவது குறையணும். மாடியில் சின்னக் காத்தாடி வைக்கலாம்னு ஒருத்தர் சொல்றார், அதையும் கேட்டு வைக்கிறேன்.

வோல்ட்மீட்டர்

சார், பேனல் வாங்குறதுக்கு முன்னாடி உங்க பேட்டரிக் கணக்கைப் பாருங்க. 150 ஏஎச், 12 வோல்ட், மொத்தம் 1.8 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல இறக்கக் கூடாது, ஆக கையில கிடைக்கிறது 0.9 யூனிட். அப்படி 1,200 தடவை இறக்கி ஏத்தினா பேட்டரி ஆயுசு முடிஞ்சுதுன்னு வைங்க. 14,000 ரூபாய் பேட்டரி வாழ்நாள் முழுக்கக் கொடுத்தது 1,080 யூனிட். யூனிட்டுக்கு 13 ரூபாய், அதுவும் பேட்டரி செலவு மட்டும். ஈபி கரண்ட் இதைவிட மலிவு. அதனால "பகல்ல சேர்த்து ராத்திரி ஓட்டுறது" என்கிற ஆசையை விட்டுடுங்க. பேட்டரி கரண்ட் கட்டுக்கு மட்டும். பகல்ல வெயில் இருக்கும்போதே பேனல் கரண்டைச் செலவழிக்கணும்.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பேனல், கன்ட்ரோலர் (பேனல் கரண்டை அளவா பேட்டரிக்கு விடுற கருவி) ரெண்டையும் பேட்டரியில மாட்டிட்டு "பில் குறையவே இல்லை"ம்பாங்க. எப்படிக் குறையும்? சாதா இன்வெர்ட்டர் ஈபி இருக்கிற வரைக்கும் வீட்டு லோடை ஈபியில ஓட்டும், பேட்டரியையும் ஈபியிலயே நிரப்பி வச்சிருக்கும். காலையில வெயில் வர்றப்போ பேட்டரி ஃபுல். பேனல் சும்மா காயும். இதுக்குத்தான் சோலார் மேனேஜ்மென்ட் யூனிட்னு ஒரு பெட்டி விக்குது. கன்ட்ரோலரும் அதுக்குள்ளயே இருக்கும். வெயில் ஏறி பேட்டரி நிரம்பினதும் இன்வெர்ட்டருக்குப் போற ஈபியை ரிலே வச்சு அறுத்துடும். இன்வெர்ட்டர் கரண்ட் கட்டுன்னு நினைச்சு பேட்டரிக்கு மாறும், பேட்டரிக்குப் பேனல் ஊட்டும். மேகம் வந்து வோல்டேஜ் இறங்கினா ஈபி திரும்ப வரும். திரும்புற அளவை மாத்துற வசதி இருக்கிற பெட்டியா வாங்கி 12.2 வோல்ட்ல வைங்க. சில பெட்டிகள் 11 வோல்ட் சொச்சம் வரைக்கும் இறக்கிட்டுத்தான் ஈபிக்குப் போகும். மேலே சொன்ன 13 ரூபாய் கணக்குல தினம் மாட்டிப்பீங்க.

எத்தனை வாட்? கடையில 540 வாட் பேனலைத் தள்ளிவிடப் பார்ப்பாங்க. அதை 12 வோல்ட்ல இறக்கினா 40 ஆம்பியர். 150 ஏஎச் ட்யூபுலருக்கு 15லிருந்து 20 ஆம்பியர் வரைதான் ஊட்டலாம். மத்தியானம் வீட்டில லோடு இல்லைன்னா மிச்சம் பூரா பேட்டரிக்குள்ள போய் தண்ணி கொதிச்சுக் காயும். உங்களுக்கு 330 வாட் சுத்தமாப் பொருந்தும்: உச்சி வெயில்ல 22-24 ஆம்பியர், அதுல 10-15ஐ லோடு தின்னுடும். பெட்டியில சார்ஜ் கரண்டுக்கு வரம்பு வைக்க முடிஞ்சா 20ல வைங்க.

அந்த 330 வாட் பேனல் 72 செல், வேலை செய்ற வோல்டேஜ் 38 வாக்கில. பெட்டி எம்பிபிடியாதான் (பேனலோட வோல்டேஜை இறக்கி ஆம்பியரைக் கூட்டித் தர்ற வகை) இருக்கணும். விலை கம்மின்னு பிடபிள்யூஎம் (பேனலை நேரா பேட்டரியோட இணைக்கிற சாதா வகை) வாங்கினா பேனலோட 8.8 ஆம்பியர் அப்படியே 13 வோல்ட்ல இறங்கும், 115 வாட் தேறும். மூணுல ரெண்டு பங்கு காத்துல போச்சு. பெட்டியோட பேனல் பக்க உச்ச வோல்டேஜையும் பாருங்க. பேனலோட திறந்த சுற்று வோல்டேஜ் (எதுவும் மாட்டாதப்போ காட்டுறது) 46. பெட்டி 50 வோல்ட் வரைக்கும்னு போட்டிருந்தா விளிம்புல நிக்குது, 75 அல்லது 100 உள்ளதா எடுங்க.

ஒயர்: மாடியிலிருந்து பெட்டி வரை 15 மீட்டர்னா 4 சதுர மி.மீ. சோலார் கேபிள். போக வர 30 மீட்டர்ல 1.3 வோல்ட் போகும், 38 வோல்ட்ல அது 3.5 சதவீதம், பரவாயில்லை. பெட்டியிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மி.மீ., ஒன்றரை மீட்டருக்கு மேல வேண்டாம். பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு அடிக்குள்ள 40 ஆம்பியர் டிசி ஃபியூஸ். பேனல் பக்கம் டிசி எம்சிபி (கரண்ட் மிஞ்சினா தானா விழுற ஸ்விட்ச்). வீட்டு ஈபி லைனுக்கான ஏசி எம்சிபியைப் போடாதீங்க. டிசியில தீப்பொறி தானா அணையாது, உள்ளேயே உருகி ஒட்டிக்கும்.

மாட்டும்போது முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல். கழட்டும்போது முதல்ல பேனல். தலைகீழாச் செஞ்சா 46 வோல்ட் நேரா கன்ட்ரோலர் மேல ஏறும். நிறைய பெட்டிகள் செத்தது இப்படித்தான்.

சென்னையில ஒரு கிலோவாட்டுக்கு வருஷ சராசரி தினம் 4 யூனிட்னு வைப்போம். 330 வாட்டுக்கு 1.3. மே மாசம் பேனல் 60 டிகிரிக்கு மேல சுடும். 25க்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் குறையும், அதனால 330 வாட்டை மத்தியானமும் பார்க்க மாட்டீங்க, 280 வந்தா சந்தோஷம். இன்வெர்ட்டர் நஷ்டமும் போக தினம் 1 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 60. அதைச் செலவழிக்க பகல்ல 150-200 வாட் லோடு ஓடணும்: ரெண்டு பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்கிற மோட்டார் வச்சது) சேர்ந்து 60 வாட், ஃபிரிட்ஜ் சராசரி 60, டிவி, வைஃபை. ஃபிரிட்ஜ் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர்னா 900 விஏ தாங்கும். பழைய கம்ப்ரஸர் கிளம்பும்போது ஓடுற கரண்டுக்கு அஞ்சாறு மடங்கு இழுக்கும், ஓவர்லோடு காட்டி நிக்கும்.

செலவு, பேனல் 8-9 ஆயிரம், பெட்டி 5-6, ஸ்டாண்டு, கேபிள், ஃபியூஸ் எல்லாம் 6. சுமார் இருபதாயிரத்துல முடியும். ரிச்சி ஸ்ட்ரீட்ல பெட்டியும், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில கேபிள், எம்சிபியும் விசாரிச்சுட்டு வாங்குங்க.

கூரைக்கணக்கு

வோல்ட்மீட்டர் சொன்ன தொழில்நுட்பத்தில் குறை இல்லை. ஆனால் 20,000 போட்டு ரெண்டு மாதத்துக்கு 60 யூனிட் என்பது எனக்கு உறுத்துகிறது. கேள்வி கேட்டவருக்குச் சொந்த வீடு, சொந்த மொட்டை மாடி. அவர் ஏன் பேட்டரிப் பக்கம் போக வேண்டும்?

1 கிலோவாட் ஆன்கிரிட் (பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு நேராக இணைக்கும் சோலார்) வைத்தால் 65 முதல் 75 ஆயிரம் கேட்பார்கள். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000 மானியம். ஆக 1 கிலோவாட்டுக்கு உங்கள் கை விட்டுப் போவது சுமார் 35-45 ஆயிரம். அதிலிருந்து ரெண்டு மாதத்துக்கு 240 யூனிட் கிடைக்கும். கோடை ரீடிங் 560லிருந்து 320 ஆகும்.

இதில் 500 என்ற எண்தான் முக்கியம். 2024 கட்டணப்படி, ரெண்டு மாத ரீடிங் அதற்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், 101-200 சலுகை ரேட். 500ஐத் தாண்டினால் இலவச 100 இருக்கும், 101-200க்கான சலுகை போய்விடும், மேலே உள்ள யூனிட் ஒவ்வொன்றும் எட்டு ரூபாய்க்கு மேல். உங்கள் கோடை பில்லில் சுமார் 1,700 ரூபாய் குறையும். குளிர்காலத்தில் ஆயிரத்தை ஒட்டி.

மூன்று விஷயம் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஒன்று, மானியம் வேலை முடிந்து மீட்டர் மாற்றி சோதனை ஆன பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் முழுப் பணமோ கடனோ தேவை. மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதி மட்டும் கொடுங்கள் என்பவரிடம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு, செல், பேனல் இரண்டுமே இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். விலை குறைந்த வேறு பேனலைப் போட்டால் மானியம் கிடையாது. மூன்று, கரண்ட் போனால் ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டர் கரண்ட் கட்டைப் பார்த்துக்கொள்ளும், அதைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. ப்ளக் பாயின்டில் செருகினால் போதும் என்று சின்ன ஆன்கிரிட் பெட்டிகள் இணையத்தில் விற்கின்றன. அனுமதி இல்லாமல் அதைச் செருகாதீர்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம். பல டிஜிட்டல் மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் உள்ளே வந்ததாகவே கூட்டும், நீங்கள் கொடுத்த கரண்டுக்கு நீங்களே பணம் கட்டுவீர்கள்.

எதை வைத்தாலும் ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டுமானத் தரவிதி சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ அழுத்தம். 330 வாட் பேனல் 1.94 சதுர மீட்டர், தூக்கும் விசை 300 கிலோ வரை போகலாம். பேனலின் எடையோ 22 கிலோ. நாலு செங்கல் வைத்துக் கட்டினால் 2016 டிசம்பரில் வந்த வர்தா மாதிரி ஒரு புயலில் பக்கத்து வீட்டு மாடியில்தான் தேட வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடி கான்கிரீட் கட்டை 68 கிலோ. நான்கு கால்களுக்கும் நான்கு போட்டு, அவற்றை ஒரு ஆங்கிளால் இணைத்து, கைப்பிடிச் சுவரோடும் பிணைத்தால் நிற்கும். தட்டோட்டைத் துளைக்காதீர்கள், அடுத்த மழைக்கே கீழே ஒழுகும். கட்டைகளைச் சுவர், பீம் இருக்கும் வரிசையில் வையுங்கள். சாய்வு 10-13 டிகிரி, தெற்கு நோக்கி. ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய) ஆங்கிள், துருப்பிடிக்காத 304 போல்ட். கொளத்தூர் பரவாயில்லை. திருவான்மியூர், ராயபுரம் மாதிரி கடலோரம் என்றால் பெயின்ட் அடித்த இரும்பு மூன்று மழைக்காலம் தாங்கினால் பெரிது.

மாடிப்படி_கொளத்தூர்

ரெண்டு பேருக்கும் நன்றி. முழுப் பணத்தை முன்கூட்டி போடுறதுதான் இடிக்குது, வங்கியில கேட்டுப் பார்க்கிறேன். ஆன்கிரிட் போட்டா தொட்டி நிழல் பிரச்சனையா? வெந்நீர் பத்தி யாராவது சொல்லுங்க. ஹீட்டர் ராடை இன்வெர்ட்டர்ல போட முடியாதுன்னு மட்டும் தெரியும்.

கூரைக்கணக்கு

மூன்றரை மணிக்கு மேல் விழும் நிழலால் நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. பேனலுக்குள் செல்கள் மூன்று வரிசைக் கூட்டமாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பைபாஸ் டையோடு. ஒரு மூலையில் நிழல் விழுந்தால் அந்தக் கூட்டம் மட்டும் விலகிக்கொள்ளும். நாள் முழுக்க நிற்கும் சின்ன நிழல்தான் ஆபத்து: கேபிள் டிவி ஒயர், கொடிக்கம்பி, காக்கை எச்சம். எச்சம் காய்ந்து ஒட்டிய செல் சூடாகிப் பழுப்பேறும். வாரம் ஒருமுறை காலையில், வெயில் ஏறும் முன் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படலம் விழும். ஆர்ஓ கழிவுத் தண்ணீர் அதைவிட மோசம்.

அடுப்படி_கணக்குப்பிள்ளை

வெந்நீருக்கு வரேன். 20 லிட்டர் வாளித் தண்ணியை 24 டிகிரியிலிருந்து 40க்கு ஏத்த 0.37 யூனிட் போதும். நாலு பேருக்கு தினம் ஒன்றரை யூனிட். அதுவும் நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரைக்கும்தான். சித்திரை, வைகாசியில மேல் தொட்டித் தண்ணியே கையைச் சுடும். இந்த ஊருக்கு 100 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கி மாட்டினா வருஷத்துல ஒன்பது மாசம் சும்மா நிக்கும், போர் தண்ணியா இருந்தா குழாய்க்குள்ள உப்பு கட்டி ரெண்டு மூணு வருஷத்துல அடைக்கும். உங்க 40,000ல அதுக்கு இடம் கிடையாது.

மலிவு வழி: 32 மி.மீ. கறுப்பு எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப் 50 மீட்டர் சுருள். உள்ளே சுமார் 27 லிட்டர் பிடிக்கும். மாடித் தரையில ஒரு பழைய தெர்மோகோல் பலகை, அதுமேல தட்டையாச் சுருட்டி வைங்க, ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஏறாம. தொட்டியிலிருந்து வர்ற தண்ணி வெளிச்சுத்துல நுழையட்டும், நடுவுல வெளியே வரட்டும். நடுப்பக்கம் நாலு விரல் உசரமா இருக்கணும், இல்லைன்னா காத்து சிக்கிக்கிட்டு பாதிச் சுருள்ல தண்ணி நகராது. வெளியேறுற இடத்தில ஒரு டி (மூணு வாய் இணைப்பு) போட்டு, தொட்டித் தண்ணி மட்டத்துக்கு மேல வரைக்கும் ஒரு காத்துக் குழாய் விட்டா அந்தத் தொல்லையே இல்லை. குளிர்கால வெயில்ல காலை 9 மணிக்கு நிரப்பினா ஒரு மணிக்கு 45-50 டிகிரி. அதை இறக்கிட்டு மறுபடி நிரப்பினா நாலு மணிக்கு இன்னொரு 27 லிட்டர், இது கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும்.

மேல கண்ணாடி போடலாமான்னு கேப்பீங்க. போடாதீங்க. தண்ணி ஓடாம நின்னா கண்ணாடிக்குள்ள 80ஐத் தொடும், எச்டிபிஇ 60க்கு மேல தளர ஆரம்பிச்சு ஜாயின்ட் கழண்டுக்கும்.

முக்கியமான தப்பு இங்க நடக்கும்: சாயங்காலம் சுருள்லயே தண்ணியை விட்டுடுவாங்க. காலையில பார்த்தா பச்சைத் தண்ணி. நாலரைக்குள்ள இறக்கிடணும். 60 லிட்டர் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்முக்கு அடி, பக்கம், மூடி எல்லாத்துக்கும் 50 மி.மீ. தெர்மோகோல் கட்டுங்க. 50 டிகிரி தண்ணி 14 மணி நேரத்துல நாலு டிகிரி இழக்கும், மூடி சரியா உக்காரலைன்னா ஆறு. காலையில 44-45ல இருக்கிற 50 லிட்டரோட பச்சைத் தண்ணி கலந்தா 65 லிட்டர், மூணு பேருக்கு ஆச்சு. மழை நாள்ல ராடுதான், வேற வழியில்லை. இந்தத் தண்ணி குளிக்க மட்டும், சமையலுக்கும் குடிக்கவும் வேண்டாம்.

கேஸ். 14.2 கிலோ சிலிண்டர்ல 180 யூனிட் வெப்பம் இருக்கு. அடுப்புல பாத்திரத்துக்குப் போறது 115 யூனிட் அளவுக்கு. இண்டக்ஷன்ல அதே சூடு வர 135 யூனிட் கரண்ட் வேணும். 135 யூனிட்டை உங்க ஸ்லாப் ரேட்ல பெருக்கிட்டு சிலிண்டர் விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. 500க்குக் கீழ இருந்தா இண்டக்ஷன் ஜெயிக்கும், மேல போனா தோக்கும். ஆன்கிரிட் போட்டீங்கன்னா பகல் சமையலுக்கு இண்டக்ஷன் சரி. இன்வெர்ட்டர்ல வேண்டவே வேண்டாம், 1,800 வாட்டுக்கு 12 வோல்ட்ல 150 ஆம்பியருக்கு மேல ஆகும்.

காசே செலவில்லாத வழி சூடுபெட்டி. அரிசி உலை கொதிச்சு அஞ்சு நிமிஷம் ஆனதும் மூடியோட இறக்கி, பழைய போர்வையில சுத்தி, தெர்மோகோல் பெட்டிக்குள்ள வைங்க. முக்கால் மணியில சாதம் வெந்திருக்கும். தண்ணி வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைச்சு வைக்கணும், ஆவியாப் போறது இல்லையே. ஊறவச்ச கொண்டைக்கடலைக்கு ரெண்டு மணி நேரம், நடுவுல ஒரு தடவை கொதிக்க வைக்கணும். பாத்திரம் தெர்மோகோலைத் தொட்டா உருகும், துணி கட்டாயம்.

சமையலறைக் கழிவுல கேஸ் பத்தியும் யாராச்சும் சொல்லுவாங்க. நாலு பேர் வீட்டுக் கழிவு தினம் ஒரு கிலோ, அதுல 100 லிட்டர் சாண எரிவாயு வந்தா பெரிசு. ஒரு சின்ன பர்னர் கால் மணி நேரம் எரியும். காபியும் பாலும் ஆகும். அதுக்கு 500 லிட்டர் தொட்டி, மாட்டுச் சாணக் கரைசல், 20-25 நாள் காத்திருப்பு. சாதம் அதிகம் போட்டா புளிச்சுடும், கேஸ் நீலமா எரியாம அணையும். உடனே ஊட்டுறதை நிறுத்தி சுண்ணாம்பு கரைச்சு விடணும். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு போடக் கூடாது. பக்கத்துல ஹோட்டல் கழிவு கிடைக்கிறவங்களுக்கு லாபம், உங்களுக்கு இல்லை.

வோல்ட்மீட்டர்

காத்தாடிக் கேள்வி பாக்கி இருக்கு. ஒரு மீட்டர் குறுக்களவு இறக்கை, காத்து வினாடிக்கு 4 மீட்டர், திறன் 25 சதவீதம்: 7.5 வாட். ஒரு எல்இடி பல்பு. வேகம் ரெட்டிச்சா எட்டு மடங்கு கிடைக்கும், ஆனா கொளத்தூர்ல சுத்திலும் மாடி வீடு, சுழல் காத்துதான் வரும். அந்தப் பணத்துல ஃபேனை பிஎல்டிசியா மாத்துங்க. 75 வாட்டுக்கு 30 வாட், 12 மணி நேரம் ஓடுற நாலு ஃபேன்ல ரெண்டு மாசத்துக்கு 130 யூனிட் மிச்சம். பேனல் இல்லாமலே 560, 430 ஆயிடும். கூரைக்கணக்கு சார், நீங்க ஆன்கிரிட்டுன்னு வாதாடினாலும் இதை முதல்ல செய்யச் சொல்லியிருக்கணும்.

கூரைக்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன். ஃபேன் முதலில், அதற்குப் பின் வரும் ரீடிங்கைப் பார்த்து 1 கிலோவாட் போதுமா என்று முடிவு செய்யலாம்.

மாடிப்படி_கொளத்தூர்

நாலு ஃபேனும் பழசுதான். அதையும் பைப் சுருளையும் இந்த மாசமே பண்ணிடறேன். ஒரு சந்தேகம்: ஃபிரிட்ஜ் லைனை இன்வெர்ட்டருக்கு மாத்தினா ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைனை அறுக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச்) ட்ரிப் ஆகுதுன்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். ஏன்?

வோல்ட்மீட்டர்

ஃபேஸை மட்டும் இன்வெர்ட்டருக்கு மாத்திட்டு நியூட்ரலைப் பழைய நியூட்ரல் கட்டையிலயே (நியூட்ரல் ஒயரெல்லாம் சேர்ற உலோகப் பட்டை) விட்டிருப்பார். இன்வெர்ட்டர் வழியாப் போற கரண்ட் ஆர்சிசிபிக்கு வெளியே வேற நியூட்ரல்ல திரும்பினா, கசிவுன்னு நினைச்சு அது விழும். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் கட்டை போட்டு, அந்த லைன்ல இருக்கிற எல்லா நியூட்ரலையும் அதுக்கே கொண்டு வரச் சொல்லுங்க. ஆர்சிசிபியை பைபாஸ் பண்றேன்னு சொன்னா வேற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.